நின்றால் குளிரும்

எட் ஜெஸ்ஸனின் மூக்கு உறைந்துகொண்டிருந்தது. தேய்த்துச் சூடாக்க ஒரு கை வேண்டும். அந்த ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்க அவரால் முடியவில்லை. ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்ட அவருக்கு இன்னும் வராது. அன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே 44 டிகிரி. டயர் கட்டையாக விறைத்திருந்தது, பேரிங்கிலிருந்த எண்ணெய் இறுகிவிட்டது. உருள மறுக்கும் வண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உறைகிற மூக்கோடு, உறைந்துபோன ஆற்றின் மேல் அவர் மிதித்துக்கொண்டிருந்தார்.

இது நடந்தது 1900ஆம் ஆண்டில். பிப்ரவரி 22 அன்று கனடாவின் டாசன் நகரிலிருந்து அவர் கிளம்பியிருந்தார். அலாஸ்காவின் மேற்குக் கரையில் நோம் என்ற ஊரில், கடற்கரை மணலிலேயே தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி டாசனைக் காலிசெய்துகொண்டிருந்த நேரம். வசதியுள்ளவர்கள் நாய்வண்டியில் போனார்கள், இல்லாதவர்கள் நடந்தார்கள். ஜெஸ்ஸன் 150 டாலர் கொடுத்து ஒரு சைக்கிள் வாங்கினார். நாய்களுக்கு வழியெல்லாம் தீனி போட வேண்டும், சைக்கிளுக்கு வேண்டாம் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை. நாய்வண்டிகளின் சறுக்குக் கட்டைகள் அழுத்தி அழுத்தி, யூகான் ஆற்றின் பனி மேல் இரண்டடி அகலத்துக்கு ஒரு கெட்டித் தடம் போட்டு வைத்திருந்தன. அதன் மேல் சக்கரம் ஓடும். தடத்தைவிட்டு ஒரு சாண் விலகினால் முன்சக்கரம் புதையும், ஆள் தலைகுப்புற விழுவார். அப்படிப் பல முறை விழுந்தெழுந்து, ஏறக்குறைய ஆயிரம் மைல் தாண்டி, ஐந்து வாரம் கழித்து அவர் நோம் போய்ச் சேர்ந்தார்.

அவருக்குப் பின்னாலேயே, மார்ச் 2 அன்று, மாக்ஸ் ஹிர்ஷ்பெர்க் என்ற இளைஞர் அதே வழியில் புறப்பட்டார். முன்னமே கிளம்பியிருக்க வேண்டியவர். தங்கியிருந்த இடம் தீப்பிடித்து, ஓடி வரும்போது ஆணி குத்திய கால் சீழ்வைத்து, படுத்துக் கிடந்ததில் நாள் போய்விட்டது. தாமதத்துக்கு விலை கொடுத்தார். வசந்தம் நெருங்க நெருங்கப் பனிக்கட்டி மெலிந்துகொண்டே வந்தது. ஷாக்டூலிக் ஆற்றில் அது உடைந்து அவரைத் தண்ணீரில் தள்ளியது. உயிர் தப்பியது, இடுப்பிலிருந்த தங்கத்தூள் பை ஆற்றோடு போய்விட்டது. நோமை நெருங்கும்போது செயினும் அறுந்தது. அவர் கம்பளிக் கோட்டைக் கழற்றிக் குச்சியில் விரித்துப் பாயாகக் கட்டினார். காற்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது. மே 19 அன்று நோம்.

இந்த இருவரையும் தனிப்பயணிகள் என்றே சைக்கிள் வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. சரிதான், கூட யாரும் வரவில்லை. ஆனால் அந்தப் பயணங்களில் ஆற்றுக்கு அடுத்தபடி முக்கியமான இடம் ‘ரோட்ஹவுஸ்’ எனப்பட்ட மரக்கட்டைக் குடில்களுக்கு. நடுவில் ஓர் இரும்பு அடுப்பு, சுற்றிலும் காயப்போட்ட காலுறைகள், பீன்ஸ், பன்றி இறைச்சி, தரையில் ஒரு படுக்கை. பகலில் ஆற்றின் மேல் எவ்வளவு தனியாக இருந்தாலும் இரவில் அங்கே போய் முட்ட வேண்டும். முட்டாதவர்களின் கதை நமக்குக் கிடைப்பதில்லை.

ஓட்டுவதை எவரும் கற்றுக்கொள்ளலாம். ஜெஸ்ஸன் வழியிலேயே கற்றுக்கொண்டார். பனிக்காலத்தில் பாடமெல்லாம் எங்கே நிற்பது, எப்படி நிற்பது என்பதில்தான்.

தமிழில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, மார்கழிக் காலையில் தெருவை மறைப்பதும் பனி, இமயத்தில் மலைமலையாகக் கிடப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவத்தை நுட்பமாக இரண்டாகப் பிரித்த மொழி, பொருளை ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். குளிர்காலச் சைக்கிள்காரருக்கு அந்த வேற்றுமைகள் தொழில் விஷயம். புதிதாக விழுந்த தூள்பனி சக்கரத்தை விழுங்கும். அழுந்திக் கெட்டியானது சாலைபோல ஓடும். பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்தது கண்ணாடி. எல்லாவற்றிலும் மோசமானது, பனி என்று சொல்லவே கூசும் அந்தச் சேறு. வெப்பநிலை பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே நிற்கும்போது சாலையெங்கும் அது கிடக்கும். வெளியாட்களுக்கு விளங்காத செய்தி இது: காய்ந்த குளிரில் மைனஸ் 10 தாங்கக்கூடியது, ஈரக்குளிரில் பிளஸ் 2 ஆளை உருக்குலைத்துவிடும். மைனஸ் 10இல் பனி உடையில் ஒட்டாமல் தட்டினால் உதிர்ந்துபோகும். பிளஸ் 2இல் அது மழையாகி, கையுறைக்குள் இறங்கி, விரலிடுக்கில் தங்கிவிடும். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் குளிர்காலத்தில் வண்டி ஓட்டியவர்கள் சைபீரியாக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது இதனால்தான்.

உடம்பு ஓர் அடுப்பு. பெடல் மிதிக்கும்போது அது செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது, மிச்சமெல்லாம் வெப்பமாக வெளியேறுகிறது. கோடையில் இது தொல்லை, பனியில் இதுவே சொத்து. ஆகவே பனியில் சைக்கிள் ஓட்டுகிறவருக்குப் பொதுவாகக் குளிர்வதில்லை. மேட்டில் ஏறும்போது வேர்த்துக் கொட்டும். ஆபத்து அந்த வேர்வையில் இருக்கிறது. மேடு முடிந்து இறக்கம் தொடங்கியதும் கால் ஓய்வெடுக்கிறது, அடுப்பு தணிகிறது, காற்று கூடுகிறது. மைனஸ் 10 டிகிரியில், காற்றே வீசாத நாளிலும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டால் முகத்துக்கு அது மைனஸ் 18 போல உறைக்கும். நனைந்த சட்டையோடு அதில் பத்து நிமிடம் இறங்கினால் பல் கிட்டிவிடும். எனவே பழகியவர்கள் செய்வது பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஏறத் தொடங்குமுன் நடுங்கும் குளிரில் மேல்கோட்டைக் கழற்றி மூட்டை கட்டுவார்கள். உச்சியில், உடம்பு தகதகவென்று இருக்கும்போது, நின்று அதை மாட்டிக்கொள்வார்கள்.

நம்மூர் வெயிலுக்குப் பருத்தியைவிட நல்ல துணி கிடையாது. வேர்வையை உறிஞ்சி, பிடித்து வைத்துக்கொண்டு, மெல்ல ஆறவைத்துக் குளிர்ச்சி தரும். பனியில் அதே குணம் ஆளைக் கொல்லும். அங்கே உள்ளாடையிலிருந்து கம்பளிதான். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்த பின்னும் தோலுக்கு நனைந்ததாகத் தெரியாது.

வண்டியின் பாடு தனி. தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும் என்பதால் பாட்டிலைத் தலைகீழாகச் செருக வேண்டும், அப்போதுதான் மூடிப்பக்கம் திறக்கும். பின்சக்கரத்து ஃப்ரீவீலில் கிரீஸ் இறுகினால் உள்ளேயிருக்கும் பற்கள் பிடிக்காது, பெடல் சும்மா சுற்றும், வண்டி அசையாது. பஞ்சர் ஒட்டக் கையுறையைக் கழற்ற வேண்டும், கழற்றினால் சில நிமிடத்தில் விரல் மரக்கட்டை. அப்படியே சமாளித்தாலும் அந்தக் குளிரில் சொல்யூஷன் காயாது. தெருமுனைக் கடையில் அண்ணன் டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி பார்த்து, தேய்த்து, ஒட்டி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டித் தருகிற அந்தப் பத்து நிமிட வேலை, கடுங்குளிர் ஊர்களில் குளிர்காலத்தில் செய்ய முடியாத வேலை. வேறு டியூபை மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பனிக்கென்றே வண்டி செய்யும் யோசனை பிறந்ததும் அலாஸ்காவில்தான். 1987இல் அங்கே ‘இடிடாபைக்’ என்ற 200 மைல் பனிப் பந்தயம் தொடங்கியது. பந்தயக்காரர்கள் இரண்டு ரிம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெல்டிங் செய்து, சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார்கள். அந்தப் பட்டறை வேலையின் வாரிசுதான் 2005இல் ‘சர்லி’ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘பக்ஸ்லி’யும், அதைத் தொடர்ந்து வந்த தொந்தி டயர் சைக்கிள்களும். காற்றைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டால் ஒட்டகப் பாதம்போல் பனியில் பரந்து மிதக்கும். அழகான பொருள் என்று சொல்ல முடியாது.

இனி கூடாரம். அதைச் சைக்கிளில் கட்டியவர் ஒரு தையல்காரர்.

தாமஸ் ஹைரம் ஹோல்டிங் 1844இல் பிறந்தவர். ஒன்பது வயதில், 1853இல், மார்மன் சபையினரின் வண்டித் தொடரோடு பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்தார். வாரக்கணக்காக வெட்டவெளியில் படுத்து உறங்கிய சிறுவனை அந்தப் பழக்கம் விடவில்லை. பிற்பாடு லண்டனில் பேர்பெற்ற தையல்காரராகியும், தைக்கிற கையால் தனக்குக் கூடாரம் தைத்துக்கொண்டே இருந்தார். துணி கனமாக இருந்தால் சைக்கிள் சுமக்காது, ஆகவே பட்டு. கட்டைகளைத் துண்டு துண்டாகப் பிரித்தார், அடுப்பைச் சிறிதாக்கினார், எல்லாவற்றையும் ஒரு மூட்டைக்குள் கொண்டுவந்தார். 1897இல் அயர்லாந்தின் மேற்கே கொன்னமாராவில் சில நண்பர்களோடு இதைச் சோதித்துப் பார்த்து மறு ஆண்டு புத்தகமாக எழுதினார். 1901இல் வான்டேஜ் என்ற சிற்றூரில் ஆறு பேர் கூடிக் கூடாரமடித்தார்கள். சைக்கிள் முகாமினர் சங்கம் அங்கே பிறந்தது. இன்றைய பிரிட்டிஷ் முகாம் சங்கத்தின் வேர் அதுதான்.

இந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தவர்களில் ஒருவர் தென்துருவம் போன கேப்டன் ராபர்ட் ஸ்காட். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கூடாரம் கட்டிப்போகும் குமாஸ்தாக்களுக்கும் அவருக்கும் பொதுவாக என்ன இருந்தது என்று தோன்றலாம். ஒரு துணிச்சுவருக்கு உள்ளே உடம்பைச் சூடாக வைத்திருக்கும் அறிவு இருவருக்கும் வேண்டியிருந்தது. 1912இல் ஸ்காட் இறந்தது பனிப்புயலில் ஒரு கூடாரத்துக்குள், அடுத்த உணவுக் கிடங்கிலிருந்து 11 மைல் தூரத்தில்.

குளிர்காலப் பயணக் கதைகள் பெரும்பாலும் பகலைப் பற்றியே பேசுகின்றன. படங்களும் அப்படித்தான்: வெள்ளை வெளி, கறுப்புக் கோடாகச் சாலை, அதில் ஒரு சிவப்புக் கோட்டு. உண்மை நிலவரம் வேறு. டிசம்பர் கடைசியில் ஸ்காட்லாந்தின் இன்வெர்னெஸ் பக்கம் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் சூரியன் எட்டிப் பார்க்கும், பிற்பகல் மூன்றரைக்கு இறங்கிவிடும். பகல் ஆறரை மணி நேரம். கூடாரம் பிரிக்கவும் இடம் தேடவும் போக, வண்டி ஓடுவது ஐந்து மணி நேரம் இருக்கலாம். மிச்சம்? ஐந்து மணிக்குக் கூடாரத்துக்குள் நுழைந்தவர் மறுநாள் எட்டு மணிவரை அங்கேதான். குளிர்காலச் சைக்கிள் பயணம் என்பது கணக்குப்படி பார்த்தால் ஒரு தூக்கப்பைக்குள் மல்லாந்து கிடக்கும் பயணம். நடுவில் கொஞ்சம் சைக்கிள்.

அந்த இரவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இடம். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆகவே ஓடைக்கரையின் அழகில் மயங்காமல் சரிவில் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். நிலம் உறைந்திருந்தால் முளைக்குச்சி இறங்காது. பைகளில் பனியை நிரப்பிப் புதைத்து, அவற்றில் கயிற்றைக் கட்ட வேண்டும். வேலை செய்து சூடேறிய உடம்பு ஆறுவதற்குள் ஈர உடையை மாற்றியாக வேண்டும். இந்தப் பத்து நிமிடம்தான் ஒரு நாளின் மிகக் கடினமான நேரம் என்பார்கள். பிறகு ஸ்டவ். பியூட்டேன் வாயு மைனஸ் அரை டிகிரியிலேயே ஆவியாக மறுத்துத் திரவமாகத் தங்கிவிடும். சிலிண்டர் நிறைய வாயு இருந்தும் அடுப்பு எரியாது. அதனால் கடுங்குளிருக்குப் போகிறவர்கள் வாயுவை நம்பாமல், நம் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்போலப் பம்பு அடித்துக் கொளுத்தும் பெட்ரோல் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பனியை அள்ளிப் பாத்திரத்தில் போட்டு உருக்கினால் ஒரு பானைப் பனி அடியில் கொஞ்சம் தண்ணீராகும். மறுபடி அள்ளு, மறுபடி உருக்கு. சமைத்த பின் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் தூக்கப்பைக்குள் போட்டுக்கொள்வது கால்மாட்டுக்கு ஒரு துணை. பேட்டரி, கைப்பேசி, நாளைக்கு வேண்டிய காலுறை எல்லாம் படுக்கைக்குள் வந்துவிடும். தாய்க்கோழி அடைகாப்பதுபோல ஒரு நடுவயது மனிதர் ஒரு பேட்டரியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தூங்குவார்.

மூச்சுதான் கடைசிப் பகை. இரவெல்லாம் விடும் மூச்சில் ஒரு டம்ளர் தண்ணீர் போகிறது. கூடாரத்தின் உட்பக்கம் அது உறைந்து படிகிறது. காலையில் கை பட்டால் மாவு சலித்ததுபோல் முகத்தில் கொட்டும். உடம்பின் ஆவி தூக்கப்பையின் பஞ்சுக்குள் போய் அங்கேயே கட்டியாகிறது, நாளுக்கு நாள் பை கனக்கிறது. ஸ்காட் பயணக்குழுவைச் சேர்ந்த செர்ரி-கராட் 1911இன் துருவக் குளிர்காலத்தில் பெங்குவின் முட்டை தேடி இரண்டு தோழர்களுடன் போய்த் திரும்பியபோது, அவருடைய மான்தோல் தூக்கப்பை கிளம்பும்போது இருந்ததைவிட இரண்டு மடங்குக்குமேல் எடை கூடியிருந்தது. கூடியது முழுக்க அவருடைய வேர்வையும் மூச்சும்.

டெர்வ்லா மர்ஃபி இந்தச் சாமான்கள் எதையும் பெரிதாக மதித்தவரல்ல. அயர்லாந்தின் லிஸ்மோர் ஊர்க்காரர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஓர் அட்லஸும் கிடைத்தன. சில நாள் கழித்து ஊருக்குப் பக்கத்து மேட்டில் மிதித்துக்கொண்டிருந்தபோது, இப்படியே மிதித்தால் இந்தியா போய்விடலாமே என்று தோன்றியது. பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பதினான்கு வயதில் பள்ளியை நிறுத்தி, முடக்குவாதத்தால் படுத்த தாயைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். 1962இல் தாய் இறந்தார். 1963 ஜனவரியில், 31 வயதில், டெர்வ்லா கிளம்பினார். வண்டியின் பெயர் ரோஸ், டான் கிஹோத்தேயின் குதிரை ரோஸினாந்தேயின் சுருக்கம். ஆசியச் சாலைகளில் கியர் தாங்காது என்று அதைக் கழற்றிவிட்டார். நம் கிராமத்துப் பால்காரர் ஓட்டும் வண்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த ஜனவரியை அவர் தேர்ந்தெடுத்தது தற்செயல். அது ஐரோப்பாவுக்கு அந்த நூற்றாண்டின் மிகக் கொடிய குளிர்காலங்களில் ஒன்றாக அமைந்தது. இங்கிலாந்தில் சில இடங்களில் கடலோரமே உறைந்தது. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே உள்ள கான்ஸ்டன்ஸ் ஏரி முழுதுமாக உறைந்து, பிப்ரவரி 12 அன்று ஹாக்னாவ் ஊர் மக்கள் புனித யோவானின் சிலையைத் தூக்கிக்கொண்டு பனிக்கட்டி மேல் நடந்தே அக்கரையிலுள்ள மூன்ஸ்டர்லிங்கனுக்குப் போனார்கள். ஏரி முழுதாக உறையும்போது மட்டும் சிலை கரை மாறுவது வழக்கம். 1963க்குப் பிறகு ஏரி அப்படி உறையவில்லை, சிலை இன்னும் அக்கரையில்தான்.

இந்தக் குளிரில் டெர்வ்லா பிரான்ஸையும் இத்தாலியையும் தாண்டி யூகோஸ்லாவியாவுக்குள் போனார். மிதிக்கவே முடியாத இடங்களில் ரயிலிலும் லாரியிலும் ஏற வேண்டியிருந்தது. அப்படி ஏற்றிக்கொண்ட ஒரு லாரி பனியில் வழுக்கி மரத்தில் மோதியது. உதவி தேடி அவர் காட்டு வழியே கிராமத்தை நோக்கி நடந்தார். இருட்டில் ஓநாய்கள் பாய்ந்தன. ஒன்று தோளில் கோட்டைக் கவ்விற்று, இன்னொன்று காற்சட்டையை. பையிலிருந்த கைத்துப்பாக்கியால் சுட்டுத் தப்பினார். கதையில் எல்லோருக்கும் ஞாபகமிருப்பது ஓநாய். ஆனால் அந்த இரவில் அவர் எதை நோக்கி நடந்தார் என்பதும் கதைதான்: விளக்கெரியும் ஏதாவது ஒரு கதவு. ஜூலையில் டெல்லி வந்து சேரும்வரை, பாரசீகத்திலும் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தான் மலைகளிலும், இரவுக்கு இரவு அவருக்குக் கிடைத்தவை அப்படிப்பட்ட கதவுகளே. 1965இல் வந்த அவருடைய முதல் புத்தகம், நிதானமாகப் படித்தால், தேநீர் கொடுத்தவர்களின் பட்டியல்போல இருக்கும்.

நாற்பது ஆண்டு கழித்து, 70 வயதில், அவர் ரஷ்யாவின் கிழக்குக் கோடியை நோக்கிச் சைக்கிளோடு கிளம்பினார். ரயிலில் முழங்காலில் அடிபட்டது. மிதிக்க முடியாது. வழியிலிருந்த ஊர்களில் கால் ஆறும்வரை தங்கி, ஜனங்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, திட்டமிட்ட புத்தகத்துக்குப் பதிலாக விபத்தால் கிடைத்த சைபீரியாவைப் பற்றி எழுதினார். பிறகு குளிர்காலத்தில் திரும்பவும் போனார், இந்த முறை ரயிலை நம்பி. அவர் 2022இல் 90 வயதில் லிஸ்மோரிலேயே காலமானார். எத்தனையோ பேர் அவரைவிட அதிகத் தூரம் மிதித்திருக்கிறார்கள். நின்ற இடத்தில் அவரளவுக்குப் பார்த்தவர்கள் குறைவு.

அதே சைபீரியாவின் மறுபக்கத்தில் மகதானிலிருந்து யாகூட்ஸ்க் நோக்கிப் போகும் கொலிமா சாலை இருக்கிறது. 1932 முதல் ஸ்டாலின் காலத்துக் கைதிகள் போட்ட 2,000 கிலோமீட்டர். செத்தவர்களைச் சாலையோடு சாலையாகப் புதைத்ததால் எலும்புச் சாலை என்று பெயர். 2004இல் ராப் லில்வால், அலஸ்டர் ஹம்ஃப்ரீஸ் என்ற இரு ஆங்கிலேயர் மகதானிலிருந்து கிளம்பிக் குளிர்காலத்துக்குள் சைக்கிள் ஓட்டினார்கள். அந்தப் பக்கத்து லாரி ஓட்டுநர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: குளிர்காலத்தில் சாலையோரம் நின்றிருக்கும் வண்டியை விசாரிக்காமல் தாண்டிப் போகக் கூடாது. அது சட்டப்புத்தகத்தில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. தன் வண்டியும் நாளை நிற்கலாம்.

சட்டப்புத்தகத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. கூடாரம் அடிக்க நிலம் வேண்டுமே. நார்வேயில் 1957இல் வந்த சட்டப்படி, வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி எவரும் தரிசு நிலத்தில் இரவு தங்கலாம். ஸ்காட்லாந்து 2003இல் இயற்றிய நிலச் சட்டம் அதே உரிமையைத் தருகிறது. எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் வந்தால் நிலவுடைமையாளரைக் கேட்காமல் படுக்க முடியாது. டார்ட்மூர் மேட்டுநிலம் விதிவிலக்கு. அங்கேயும் நிலக்காரர்கள் வழக்குப் போட, 2025 மே மாதம் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம்வரை போய்த்தான் கூடாரத்துக்கு இடம் உறுதியாயிற்று.

வேல்ஸில் பெர்வின் மலைத்தொடரில் ஒரு கணவாய். 1919 மார்ச்சில், முதல் உலகப் போர் முடிந்து நான்கே மாதத்தில், டபிள்யூ. எம். ராபின்சன் என்பவர் நண்பர்களோடு பனி மூடிய அந்த வழியில் சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் கடந்தார். ‘வேஃபேரர்’ என்ற புனைபெயரில் ஒரு சைக்கிள் வார இதழில் அதை எழுதியபோது ‘ஓவர் த டாப்’ என்று தலைப்பிட்டார். பதுங்குகுழியிலிருந்து எழுந்து பாயும் சிப்பாய்களின் சொல் அது. வாசகர்களில் பலர் அந்தக் குழிகளிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். சாலையில்லாத இடத்தில், பருவம் தப்பிய காலத்தில், ஒரு சைக்கிளோடு மல்லுக்கட்டுவது இன்பம் என்ற எண்ணம் பிரிட்டனில் அந்தக் கட்டுரையிலிருந்து தொற்றிக்கொண்டது. 1955இல் கரடுமுரடு வழிக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமே வைத்தார்கள். ராபின்சன் இறந்த பின் அந்தக் கணவாயில் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். அருகே ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு நோட்டு. வந்தவர்கள் பெயர் எழுதலாம்.

அதே மரபில் வந்த சைக்கிள்காரர்தான் பெர்னார்ட் ஹீத். ஸ்காட்லாந்து மலைகளில் மேய்ப்பர்களும் மான் காவலர்களும் கைவிட்டுப்போன கல்வீடுகள் இடிந்து கிடந்தன. ‘பாத்தி’ என்று அவற்றுக்குப் பெயர். 1965இல் ஹீத்தும் தோழர்களும் காலோவே பகுதியில் டன்ஸ்கீன் என்ற ஒரு குடிலுக்குக் கூரை போட்டுச் செப்பனிட்டார்கள். அந்த ஆண்டே மலைக்குடில் சங்கம் பிறந்தது. இன்று ஏறக்குறைய நூறு குடில்களை அது பராமரிக்கிறது. பெரும்பாலானவை அந்தந்த நிலக்காரர்களுக்குச் சொந்தம், வேலை செய்வது தொண்டர்கள். வாடகையும் முன்பதிவும் கிடையாது. மின்சாரமோ குழாயோ கழிப்பறையோ இல்லை, மூலையில் ஒரு மண்வெட்டி சாய்த்து வைத்திருக்கும், அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு மர மேடை, அதிர்ஷ்டமிருந்தால் ஓர் அடுப்பு.

நனைந்த கையுறையோடு இருட்டில் அப்படியொரு குடிலைக் கண்டடைபவருக்கு முதலில் தெரிவது புகைபோக்கிதான். புகை வந்தால் உள்ளே ஆள் இருக்கிறார்கள். வராவிட்டால் அந்த இரவு முழுக் குடிலும் அவருக்கே. இரண்டுக்கும் ஒருவர் மனசுக்குள் சமமாகவே மகிழ்வது விசித்திரம். கதவைத் திறந்ததும் பழைய புகை வாடை. டார்ச் வெளிச்சத்தில் ஜன்னல் திண்ணையில் பாதி மெழுகுவத்தி, ஒரு தீப்பெட்டி, யாரோ விட்டுப்போன உப்பு. அடுப்புக்குப் பக்கத்தில், காய்ந்த சுள்ளி ஒரு பிடி. முன்பு தங்கியவர் தான் எரித்தது போக உடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் யார் என்று குடில் நோட்டில் பார்க்கலாம்: தேதி, எந்தப் பக்கமிருந்து வந்தார், எந்தப் பக்கம் போனார், காற்று எப்படி. சில நேரம் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியாக இருக்கும்.

காலை எட்டரைக்கு, இன்னும் இருட்டு விலகாதபோது, இவரும் நோட்டில் இரண்டு வரி எழுதுகிறார். தரையைப் பெருக்குகிறார். கொஞ்சம் சுள்ளி உடைத்து அடுப்போரம் அடுக்குகிறார். பைகளை வண்டியில் மாட்டிக் கதவை இழுத்துத் தாழிடுகிறார். தாழிடாவிட்டால் ஆடோ மானோ குளிருக்கு ஒதுங்கி உள்ளே போகும், காற்றில் கதவு சாத்திக்கொள்ளும், வெளியே வர வழியில்லாமல் அங்கேயே செத்துப்போகும். அரைக் கிலோமீட்டர் போன பிறகு, தாழிட்டோமா என்று சந்தேகம் வந்து, இறங்கி, சைக்கிளைப் பனியில் படுக்கப்போட்டுவிட்டு, நடந்தே திரும்பி வந்து பார்ப்பவர்களும் உண்டு.